ஆம்புலன்ஸ் 14 நிமிடத்தில் வர வேண்டும்: ரிக்வயர்மென்ட் மாடலிங், அடிப்படையிலிருந்து

"அழைப்பு வந்த 14 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் சம்பவ இடத்தில் நிற்க வேண்டும்." இந்த வாக்கியத்தை ஒரு சாஃப்ட்வேர் டீமிடம் நீட்டி, இதுதான் ரிக்வயர்மென்ட் (தேவை), செய்து கொடுங்கள் என்றால் என்ன பதில் வரும்? "சார், இது ரொம்பப் பொதுவாக இருக்கிறது, என்னென்ன ஸ்க்ரீன் வேண்டும், எந்த பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்றுதான் பெரும்பாலும் வரும். அப்புறம் ஸ்க்ரீன், பட்டன், ரிப்போர்ட் என்று வரிசையாக எழுதி நூறு பக்கத்துக்கு ஓர் ஆவணம் தயாராகும். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்த 14 நிமிடம் முன்னுரையில் ஒரு வரியாகக் கிடக்கும், அதற்கப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் உண்மையான ரிக்வயர்மென்ட் அந்த ஒரு வாக்கியம்தான். அதில் கணினி என்ற பேச்சே இல்லை, கவனித்தீர்களா? நோயாளி, சாலை, வண்டி, கடிகாரம், அவ்வளவுதான். தேவை என்பது கணினிக்கு வெளியே இருக்கிறது. நாம் எழுதும் ப்ரோக்ராம் அந்த வெளி உலகத்தை ஏதோ ஓர் ஓரத்தில் மட்டும் தொடுகிறது. நடுவில் இருக்கும் தூரத்தை அனுமானங்களை வைத்து நிரப்பிக்கொள்கிறோம், பெரும்பாலும் நிரப்புகிறோம் என்று தெரியாமலே. பல கணினிகள், ரேடியோக்கள், மனிதர்கள் எல்லாம் ஒன்றையொன்று நம்பி ஓடும் அமைப்புகளில் முதலில் உடைவது இந்த அனுமானங்கள்தான். அவற்றைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதி, கட்டுவதற்கு முன்பே உடைத்துப் பார்ப்பதுதான் ரிக்வயர்மென்ட் மாடலிங்.

இதைப் புரிந்துகொள்ள லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸ் 1992-ல் பட்ட பாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பாடத்தில் அடிக்கடி வருகிற கதைதான், ஆனால் "சரியாக டெஸ்ட் செய்யாமல் லைவ் போனார்கள், விழுந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் விஷயம் நிறைய இருக்கிறது.

காகிதத்தில் ஓடிய அமைப்பு

அன்றைக்கு அந்தச் சேவையின் எல்லை சுமார் 600 சதுர மைல், அதற்குள் ஏறக்குறைய 68 லட்சம் மக்கள். ஒரு நாளைக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள், அவற்றில் பாதிக்கும் மேல் 999 அவசர அழைப்புகள். எல்லாம் காகிதத்தில்தான் ஓடியது.

எப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அழைப்பை எடுப்பவர் விவரங்களை அச்சடித்த படிவத்தில் எழுதுவார். இடத்தை வரைபடப் புத்தகத்தில் தேடிக் கட்ட எண்ணைக் குறிப்பார். படிவத்தை ஒரு கன்வேயர் பெல்ட்டில் வைத்தால் அது அறையின் நடுவே ஓரிடத்தில் போய்ச் சேரும். அங்கே இருப்பவர் படிவங்களைப் பொறுக்கி, ஒரே விபத்துக்கு நான்கு பேர் போன் செய்திருந்தால் நான்கும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, வடகிழக்கு, வடமேற்கு, தெற்கு என்ற மூன்று பிரிவுகளில் எதற்கு உரியதோ அந்தப் பிரிவின் ஒதுக்கீட்டாளரிடம் கொடுப்பார். எந்த வண்டி எங்கே, எது சும்மா இருக்கிறது என்று பார்த்து எதை அனுப்புவது என்று தீர்மானிப்பவர் இந்த ஒதுக்கீட்டாளர். வண்டி நிலையத்தில் நின்றால் போனிலும், சாலையில் இருந்தால் ரேடியோவிலும் உத்தரவு போகும். இத்தனையும் 3 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது அன்றைய விதி. 14 நிமிடத்துக்குள் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் 95 சதவீத அழைப்புகளில்.

இதில் குறைகள் நிறைய. வரைபடத்தில் தேட நேரம் ஆகும். காகிதம் தொலையும். ஒரே சம்பவத்துக்கு வரும் பல அழைப்புகளைச் சேர்ப்பது ஒருவருடைய ஞாபகசக்தியை நம்பி இருந்தது. ஆகவே கணினி வேண்டும் என்று நினைத்ததில் தப்பே இல்லை. 1990-ல் ஒரு முயற்சி சுமார் 75 லட்சம் பவுண்டு செலவுக்குப் பிறகு கைவிடப்பட்டது. அடுத்த முயற்சிதான் நம் கதை.

புதிய அமைப்பு செய்ய வேண்டிய வேலை: அழைப்பு விவரத்தை டைப் செய்ததும் இடத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும் கருவி அது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வண்டிக்குள் ஒரு சிறிய டெர்மினல். "கிளம்பிவிட்டோம்", "வந்துவிட்டோம்", "மருத்துவமனைக்குப் போகிறோம்", "வேலை முடிந்தது" என்று குழுவினர் அதில் பட்டன் அழுத்துவார்கள். இதையெல்லாம் வைத்துப் பக்கத்தில் இருக்கும் காலி வண்டியைக் கணினியே தேர்ந்தெடுத்துவிடும், சிக்கலான கேஸ் வந்தால் மட்டும் மனிதர் தலையிட்டால் போதும். கூடவே மூன்று பிரிவு ஏற்பாட்டையும் எடுத்துவிட்டு லண்டன் முழுவதையும் ஒரே இடமாக நடத்துவது என்று முடிவானது. பகுதி பகுதியாக ஊரை அறிந்து வைத்திருந்தவர்களின் அனுபவம் அதோடு ஓரத்துக்குப் போனது.

1992 அக்டோபர் 26-ம் தேதி, திங்கட்கிழமை, முழுமையாக ஓட ஆரம்பித்தது. அன்றே குழப்பம். ஒரே சம்பவத்துக்கு இரண்டு வண்டி போனது. பக்கத்தில் வண்டி இருக்க, தூரத்தில் இருந்தது போனது. மறுநாள் மதியம் பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அதிகாலை 2 மணிக்குச் சற்றுப் பின் கணினி அப்படியே உறைந்து நின்றது, மறுபடி காகிதம்தான். தலைமை நிர்வாகி பதவி விலகினார். 20, 30 பேர் இறந்திருக்கலாம் என்று அன்றைய செய்திகள் எழுதின, ஆனால் அந்த எண்ணிக்கை நிரூபணம் ஆகவில்லை.

நவம்பர் 4-க்குக் காரணம் எளிது. சில வாரங்களுக்கு முன்பு எழுதி, எடுக்க மறந்துவிட்ட ஒரு சின்ன கோட், ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் சர்வரில் கொஞ்சம் மெமரியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சேர்ந்து சேர்ந்து இடமே இல்லாமல் போனது. சாதாரண பக், எந்த ப்ரோக்ராமருக்கும் புரியும். ஆனால் அக்டோபர் 26, 27? 1993 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கை அதைப் பற்றிச் சொன்னதுதான் சுவாரசியம்: அந்த இரண்டு நாட்களிலும் கணினி தொழில்நுட்ப ரீதியாகச் செயலிழக்கவில்லை. சில சமயம் பதில் தர ரொம்ப நேரம் எடுத்தது உண்மை, ஆனால் மொத்தத்தில் எதற்காக வடிவமைத்தார்களோ அதைத்தான் செய்தது. வடிவமைப்பில்தான் கோளாறு.

ப்ரோக்ராம் அதற்குச் சொன்னபடி நடந்தது, ஆம்புலன்ஸ் வரவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

மூன்று விதமான வாக்கியங்கள்

இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னவர்கள் பமேலா ஸேவ், மைக்கேல் ஜாக்சன் இருவரும் (பாடகர் இல்லை, இவர் பிரிட்டிஷ் கணினி அறிஞர்). 1997-ல் வந்த அவர்களுடைய கட்டுரையை இன்றைக்கும் இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் சொல்வது இதுதான்: ஓர் அமைப்பைப் பற்றி நாம் எழுதும் வாக்கியங்களை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, தேவை. உலகத்தில் என்ன நடக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். இரண்டாவது, அனுமானம். நாம் எதுவும் செய்யாமலே உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்று நம்புகிறோம். மூன்றாவது, ஸ்பெக் (ஸ்பெசிஃபிகேஷன்). கணினி தன் எல்லையில் என்ன செய்ய வேண்டும், அதாவது அதன் காதில் எது விழுந்தால் அது வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும். இந்த மூன்றுக்கும் உள்ள உறவு ஒரே வரி: அனுமானமும் ஸ்பெக்கும் சேர்ந்தால் தேவை நிறைவேறும் என்று காட்ட முடிய வேண்டும்.

ஸ்பெக் மட்டும் இருந்தால் போதாது. அனுமானம் பொய்யாகிவிட்டால் ஸ்பெக்கை எழுத்து பிசகாமல் நிறைவேற்றினாலும் தேவை நிறைவேறாது. லண்டனில் நடந்தது அதுதான். எடுத்துப் பாருங்கள்:

தேவை: சம்பவ இடத்துக்கு மிக அருகில், வேறு வேலையில் இல்லாத வண்டி போக வேண்டும்.
ஸ்பெக்: டேட்டாபேஸில் "காலி" என்று இருக்கும் வண்டிகளில், பதிவான இடத்தின்படி மிக அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டும் ஒன்றுபோலவே தெரிகிறது இல்லையா? அவசரமாகப் படித்தால் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் தெருவில் நிற்கும் வண்டியைப் பற்றியது, இரண்டாவது டேட்டாபேஸில் இருக்கும் ஒரு வரியைப் பற்றியது. இரண்டையும் இணைக்கும் வாக்கியம் எங்கே? "டேட்டாபேஸில் காலி என்று இருந்தால் வண்டி உண்மையிலேயே காலியாக இருக்கும்." அதற்குக் கீழே இன்னும் பல: குழுவினர் ஒவ்வொரு கட்டத்திலும் பட்டனை அழுத்துவார்கள். சரியான வரிசையில் அழுத்துவார்கள். அழுத்தியது ரேடியோவில் வந்து சேரும். கணினி எந்த வண்டியை ஒதுக்கியதோ அதே வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இதில் ஒன்றுகூட முழுசாக உண்மையாக இல்லை. ரேடியோ எட்டாத இடங்கள் லண்டனில் இருந்தன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் லாக்-இன் செய்வதால் சேனல் நெரிசல். ஓடிப் போய் நோயாளியைத் தூக்குகிற அவசரத்தில் பட்டனை யார் நினைப்பார்கள்? சில குழுக்கள் ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியில் போனார்கள். வண்டிகளின் இடமும் நிலையும் கிட்டத்தட்ட நூறு சதவீதம் சரியாக இருந்தால்தான் ஓடும் என்ற மாதிரி அமைப்பைக் கட்டியிருந்தார்கள் என்பதுதான் விசாரணைக் குழுவின் முக்கியமான குற்றச்சாட்டு.

இது மனிதர்கள் இருப்பதால் வந்த பிரச்சினை, கருவிகள் மட்டும் என்றால் வராது என்று நினைக்க வேண்டாம். 1993 செப்டம்பர் 14-ம் தேதி வார்சா விமான நிலையத்தில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 ஒன்று மழையில் இறங்கியது. இன்ஜினைப் பின்பக்கமாகத் தள்ளவைக்கும் ரிவர்ஸ் த்ரஸ்ட் வானத்தில் வேலை செய்துவிடக் கூடாது, செய்தால் மரணம் என்பதால், விமானம் தரையில் இருப்பது உறுதியானால்தான் அனுமதிக்க வேண்டும் என்பது தேவை. நியாயமான தேவைதான். கணினிக்குத் தரை தெரியாது, இரண்டு பக்க லேண்டிங் கியரிலும் எடை விழுந்திருக்கிறதா, சக்கரம் சுற்றுகிறதா என்பதுதான் தெரியும். அன்றைக்குக் காற்றைச் சமாளிக்க விமானி ஒரு பக்கம் சாய்த்து இறக்கினார், வலது கியர் தொட்டு ஏறக்குறைய 9 விநாடி கழித்துத்தான் இடது கியர் தொட்டது, தேங்கிய நீரில் சக்கரங்கள் வழுக்கின. விமானம் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, கணினி அதை வானத்தில் இருப்பதாகவே நினைத்தது. ஓடுபாதை முடிந்து மண்மேட்டில் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். ஸ்பெக்கை மீறி அந்தக் கணினி எதையும் செய்யவில்லை.

14 நிமிடத்தைப் பிரிப்பது

சரி, அனுமானங்களைக் கண்டுபிடிப்பது எப்படி? உட்கார்ந்து யோசி என்றால் வராது, அதற்கு ஒரு முறை வேண்டும். பல முறைகள் இருக்கின்றன. ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது இலக்கு மரம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஆக்ஸல் வான் லாம்ஸ்வீர்டே குழுவினர் வளர்த்தெடுத்த காஓஎஸ் என்ற முறை இதன் பிரபலமான வடிவம், அவர்களே லண்டன் ஆம்புலன்ஸை உதாரணமாக எடுத்து விரிவாகச் செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

உச்சியில் தேவையை எழுதுங்கள்: 14 நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் இடத்தில். "எப்படி?" என்று கேளுங்கள். அழைப்பு விவரம் சரியாகப் பதிவாக வேண்டும். 3 நிமிடத்துக்குள் பொருத்தமான வண்டிக்கு உத்தரவு போக வேண்டும். அங்கிருந்து 11 நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும். மூன்று கிளை. ஒவ்வொன்றிலும் மறுபடி "எப்படி?" பொருத்தமான வண்டியைத் தேர்ந்தெடுக்க, எல்லா வண்டிகளின் இடமும் நிலையும் சரியாகத் தெரிய வேண்டும். நிலை தெரிய, மாறும்போதெல்லாம் யாராவது சொல்ல வேண்டும். இப்படிக் கீழே இறங்கிக்கொண்டே போய், ஒரு கிளை ஒரே ஒரு ஆளின் அல்லது ஒரே ஒரு கருவியின் பொறுப்பாக ஆனதும் நிறுத்துங்கள். மேலே போக வேண்டுமானால் "ஏன்?" என்று கேட்கலாம், எதற்காக இந்த ரிப்போர்ட் என்று கேட்டு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிவிடலாம், அது தனி சந்தோஷம்.

கீழே நுனியில் யார் பெயர் இருக்கிறது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. அது உங்கள் சாஃப்ட்வேர் என்றால் அந்த வரி ஸ்பெக். அது ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ரேடியோ அலை, லண்டன் டிராஃபிக், வேறு நிறுவனத்தின் சர்வர் என்றால் அந்த வரி ஓர் அனுமானம். அதை நீங்கள் கட்டளையிட முடியாது. "குழுவினர் பட்டனை அழுத்த வேண்டும்" என்று ஆவணத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாலும் அது நம்பிக்கைதான்.

இலக்கு மரம் போட்டு முடித்ததும் பலர் பெருமையாகச் சுவரில் ஒட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். இனிமேல்தான் வேலையே இருக்கிறது. ஒவ்வோர் அனுமானத்தையும் எடுத்து மறுத்து எழுத வேண்டும். "பட்டன் சரியாக அழுத்தப்படும்" என்பதன் மறுப்பு என்ன? அழுத்த மறந்தார். வரிசை மாற்றி அழுத்தினார். அழுத்தினார், ரேடியோ எட்டவில்லை. அழுத்தினார், நெரிசலில் தாமதமாக வந்தது. வேறு வண்டியில் இருந்தபடி அழுத்தினார். இவற்றுக்குத் தடைகள் என்று பெயர். ஒவ்வொரு தடைக்கும் என்ன செய்யப் போகிறோம்? வராமல் தடுக்கலாம், வந்தால் கண்டுபிடிக்கலாம், வந்தாலும் பரவாயில்லை என்று அமைப்பை நெகிழ்வாக வைக்கலாம், இல்லை இலக்கையே கொஞ்சம் தளர்த்தலாம். உதாரணமாக, வண்டி "போய்க்கொண்டிருக்கிறது" என்று நிலை சொல்கிறது, இருப்பிடக் கருவியோ அது 10 நிமிடமாக மருத்துவமனை வாசலில் நிற்பதாகச் சொல்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். அந்த வண்டியின் பெயரை ஒருவர் கண்ணில் படவைத்து, ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லலாம். இது ஒரு புதிய ரிக்வயர்மென்ட். எந்தப் பயனாளரைப் பேட்டி எடுத்தாலும் அவர் வாயிலிருந்து இது வந்திருக்காது.

வண்டிக்கு இரண்டு நிலை

ஸ்டேட் மெஷின் (ஒரு பொருள் எந்தெந்த நிலைகளில் இருக்கும், எதிலிருந்து எதற்கு மாறும் என்று காட்டும் படம்) வரையாத ப்ராஜெக்ட் இருக்காது. வட்டங்களும் அம்புகளும்: காலி, உத்தரவு போனது, வழியில், சம்பவ இடத்தில், மருத்துவமனைக்குப் போகிறது, மருத்துவமனையில், மறுபடி காலி. அழகாக இருக்கும். ஆனால் இது எதனுடைய படம்? வண்டியின் படமா, டேட்டாபேஸில் உள்ள வண்டிப் பதிவின் படமா? பெரும்பாலான டீம்களில் இதைக் கேட்டால் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள்.

வலையாக இணைந்த அமைப்புகளில் இரண்டு படம் போட வேண்டும் என்பது என் கட்சி. ஆறு நிலை என்றால், உண்மை நிலை, கணினி நினைக்கும் நிலை என்று 36 ஜோடி. அதில் இரண்டும் ஒத்துப்போவது 6. மீதி 30 ஜோடிகளைப் பற்றி ஆவணத்தில் ஒரு வரிகூட இருக்காது. எல்லாமே ஆபத்து என்று சொல்லவில்லை. "வழியில்" என்று பதிவில் இருந்து, வண்டி ஏற்கெனவே இடத்துக்கு வந்துவிட்டது என்றால் பெரிய பாதிப்பில்லை, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பதிவில் "காலி", ஆனால் வண்டியில் நோயாளி இருக்கிறார் என்றால் உத்தரவு வீணாகும், ஆனால் குழுவினர் சத்தம் போடுவார்கள், தெரிந்துவிடும். பதிவில் "மருத்துவமனையில்", ஆனால் வண்டி காலியாக நிலையத்தில் நிற்கிறது, இதுதான் மோசம். யாரும் சத்தம் போட மாட்டார்கள். அந்த வண்டி கணினியின் கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டது. லண்டனில் அப்படி வண்டிகள் குறையக் குறைய, இருக்கிற வண்டிகளைத் தூர தூரத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது.

ஒவ்வொரு பொருந்தாத ஜோடிக்கும் இரண்டு கேள்வி: இதிலிருந்து தானாக வெளியே வர வழி இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில்? வழியே இல்லாத ஜோடி ஒன்று கிடைத்தாலும் அன்றைய வேலை வீண் போகவில்லை.

சுற்றிச் சுற்றி வரும் பாரம்

லண்டன் கதையில் இன்னொரு பாடம். தவறான பதிவுகள் சேரச் சேர, கணினி "இது கவனிக்கப்பட வேண்டும்" என்று எச்சரிக்கைச் செய்திகளைத் திரையில் கொட்டியது. பழையவை திரைக்கு மேலே நகர்ந்து போயின, ஊழியர்களால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கவனிக்காத செய்தி மறுபடி செய்தியை உண்டாக்கியது. வரிசை நீள நீளக் கணினி மெதுவானது. ஆம்புலன்ஸ் தாமதமானதால் காத்திருந்தவர்கள் மறுபடி 999-க்கு அழைத்தார்கள். அந்த அழைப்புகளும் வரிசையில் சேர்ந்தன. எரிச்சலான குழுவினர் ரேடியோவில் பேச ஆரம்பித்ததும் ரேடியோ இன்னும் நெரிசல், பட்டன் செய்திகள் இன்னும் தாமதம், பதிவுகள் இன்னும் தவறு.

"ஒரு நாளைக்கு 2,500 அழைப்பைத் தாங்க வேண்டும்" என்று ரிக்வயர்மென்ட் எழுதினால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: அழைப்புகளின் எண்ணிக்கைக்கும் நம் அமைப்பின் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று. உண்மையில் சம்பந்தம் உண்டு. இன்றைய வலைச் சேவைகளில் இதே கதைதான் ரீட்ரை என்ற பெயரில் வருகிறது. சர்வர் மெதுவாகிறது, ஆப் மறுபடி கேட்கிறது, சர்வர் இன்னும் மெதுவாகிறது. மாடலில் பயனாளரிடமிருந்து கணினிக்கு ஓர் அம்பு போட்டால், கணினியின் தாமதத்திலிருந்து பயனாளருக்குத் திரும்பி ஓர் அம்பு உண்டா என்று பாருங்கள்.

யாருக்கும் சொந்தமில்லாத தேவை

மனிதர்களை எடுத்துவிட்டுச் சுத்தமாகக் கணினிகள் மட்டும் பேசிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். 1990 ஜனவரி 15, அமெரிக்காவில் ஏடி அண்ட் டி-யின் தொலைதூர தொலைபேசி வலை சுமார் 9 மணி நேரம் தடுமாறியது. நியூயார்க்கில் ஒரு சுவிட்ச் (தொலைபேசி அழைப்புகளை இணைத்து வழியனுப்பும் கணினி) சின்னக் கோளாறால் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டது, சில விநாடியில் எழுந்து மற்றவற்றுக்கு "நான் வந்துவிட்டேன்" என்ற பொருளில் செய்தி அனுப்பியது. அதைக் கேட்டுப் பக்கத்துச் சுவிட்ச் தன் குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் இன்னொரு செய்தியும் வந்துவிட்டால், புதிதாக ஏற்றிய மென்பொருளில் இருந்த தப்பால் அதுவும் குழம்பி மறுதொடக்கம். அது எழுந்து செய்தி அனுப்ப, அதைக் கேட்டு அடுத்தது. அந்த வகையில் இருந்த 114 சுவிட்சுகளும் மாறி மாறி விழுந்து எழுந்தன.

பக் என்னவோ சி மொழியில் தப்பான இடத்தில் இருந்த ஒரு பிரேக் கட்டளைதான். ஆனாலும் ரிக்வயர்மென்ட் கண்ணால் பார்த்தால், ஒவ்வொரு சுவிட்ச்சும் தனக்குச் சொன்ன பாதுகாப்பு விதியைக் காப்பாற்றியது: சந்தேகம் வந்தால் மறுதொடக்கம் செய், எழுந்ததும் அறிவி. "ஒன்று எழுவதால் இன்னொன்று விழக் கூடாது" என்பது எந்தத் தனிச் சுவிட்ச்சின் தேவையும் இல்லை, வலையின் தேவை. வலைக்கென்று ஒரு பக்கம் எழுதினால்தான் அது ஆவணத்தில் வரும்.

இந்த மாதிரி தேவைகளைக் கையால் சோதிப்பது கடினம், ஏனென்றால் யார் எப்போது விழுவார், எந்தச் செய்தி எதற்கு முன் வரும் என்ற வரிசைகள் கணக்கில்லாமல் இருக்கும். இங்கேதான் கணினியே தேடிப் பார்க்கும் மாடல்கள் உதவும். 2001-ல் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் கோர்ட் (Chord) என்ற நெறிமுறையை வெளியிட்டார்கள். பல கணினிகள் ஒரு வளையமாகச் சேர்ந்து தகவலைப் பங்கிட்டு வைக்கும் முறை, இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்காட்டும் கட்டுரை, சரியானது என்று நிரூபிக்கத்தக்கது என்ற பெயரோடு வந்தது. மேலே சொன்ன அதே பமேலா ஸேவ் அதை அலாய் என்ற மொழியில் சின்ன மாடலாக எழுதி ஓடவிட்டார். அதுவரை வெளியான எந்த வடிவமும் முழுவதும் சரியில்லை என்று 2012-ல் காட்டினார். உறுப்பினர்கள் வருவதும் போவதும் குறிப்பிட்ட வரிசையில் நடந்தால் வளையம் உடைந்து திரும்பச் சேராமல் போகும். அதைக் காட்டப் பெரிய நெட்வொர்க் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு சில கணினிகள் உள்ள வளையத்திலேயே தப்பு தெரிந்துவிட்டது.

அமேசானின் கிளவுட் பிரிவு 2011 முதல் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ ப்ளஸ் என்ற மொழியில் இதே வேலையைச் செய்கிறது. அவர்களுடைய டேட்டாபேஸ் சேவையான டைனமோடிபி-யில் இப்படிக் கண்டுபிடித்த ஒரு பக்கை வெளியே கொண்டுவரும் மிகக் குறுகிய வழியே 35 படிகள் கொண்டது. 35 படி தள்ளி ஒளிந்திருப்பதை எந்த டெஸ்டர் தேடிப் பிடிப்பார்?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே டிஎல்ஏ ப்ளஸ் கற்றுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று இல்லை. பென்சிலும் தாளும் வைத்து இலக்கு மரமும், மறுப்புப் பட்டியலும், நிலை ஜோடி அட்டவணையும் போட்டாலே பாதி தப்புகள் தெரியும். மீதிப் பாதியில் மிகச் சிக்கலான ஒரு மூலையை மட்டும் எடுத்து அலாயில் எழுதிப் பாருங்கள், முழு அமைப்பையும் எழுத முயன்றால் முடிவதற்குள் ப்ராஜெக்டே முடிந்துவிடும். குச்சி மனிதர் நிற்க, முட்டை முட்டையாக வேலைகள் எழுதிய யூஸ் கேஸ் படத்தைப் பற்றி என்னைக் கேட்டால், பேச்சை ஆரம்பிக்க உதவும், அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அனுமானம் எழுத அதில் இடமே கிடையாது.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

பழக யூபிஐ பணம் அனுப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டது: ஒருவருக்குப் பணம் அனுப்பி, உங்கள் கணக்கில் கழிந்து, அவர் கணக்கில் சேரவில்லை என்றால், அதிகபட்சம் மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு. பார்த்தீர்களா, இதிலும் ஸ்க்ரீன் இல்லை, பட்டன் இல்லை. உலகத்தைப் பற்றிய சுத்தமான தேவை.

இப்போது ஸ்பெக் எழுதுங்கள். "பணம் பெறுபவரின் வங்கியிடமிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பிப் போடு." முதலில் இப்படித்தான் எழுதத் தோன்றும். ஒளிந்திருக்கும் அனுமானம்: பதில் வரவில்லை என்றால் பணம் சேரவில்லை. மறுத்துப் பாருங்கள்: பணம் சேர்ந்துவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது. திருப்பிப் போட்டால் இருவருக்கும் பணம், வங்கிக்கு நஷ்டம். ஆகவே "வெற்றி", "தோல்வி" தவிர "தெரியாது" என்று மூன்றாவது நிலை ஒன்று கட்டாயம் வேண்டும், ஆப்பில் நீங்கள் பார்த்துப் பதறும் "பெண்டிங்" அதுதான். அந்த நிலையிலிருந்து வெளியே வர, எதிர் வங்கியிடம் மறுபடி கேட்க வேண்டும். மறுபடி கேட்பதைப் புதிய பரிவர்த்தனை என்று அது எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை வரவு வைத்துவிட்டால்? ஒரே பரிவர்த்தனை எண்ணோடு எத்தனை முறை கேட்டாலும் ஒரு முறைதான் வரவு வைக்க வேண்டும் என்று இன்னொரு வரி வருகிறது. அந்த வரியின் பக்கத்தில் பொறுப்பு யார் என்று எழுதுங்கள். எழுத வேண்டிய பெயர் உங்கள் டீம் இல்லை, எதிர் வங்கி. அப்படியானால் அது அனுமானம்தான், அதற்கும் மறுப்புப் பட்டியல் போட வேண்டும். ஒரு தாள் போதாது, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.